பேக்கரிக்கு நடந்து போன துப்பாக்கி

கூடாரப்பாளையத்து இரும்புக்கெல்லாம் ஒரு பூர்வ ஜென்மம் உண்டு. வெள்ளைக்காரப் பட்டாளம் முகாமைக் காலி செய்துகொண்டு போன காலத்தில், கொட்டடியில் கிடந்த பழைய துப்பாக்கிகளைத் தூக்கிக்கொண்டு போக மனமும் இல்லாமல், ஊரார் கையில் முழுசாக விட்டுவிட்டுப் போகத் துணிச்சலும் இல்லாமல், அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றி, குழல் ஒரு குவியல், கட்டை ஒரு குவியல், சில்லறை இரும்பு ஒரு குவியல் என்று எடைக்குப் போட்டுவிட்டுப் போனார்கள். ஊர் அதைக் கூடை கூடையாக அள்ளிக்கொண்டு வந்து குடித்தனத்துக்குப் பழக்கிவிட்டது. குழல் அடுப்பு ஊதியது, முனைக்கத்தி தேங்காய் உரித்தது, போல்ட் கதவுக்குத் தாழ்ப்பாள் ஆனது, விசையைக் காக்கிற வளையம் தொட்டிலுக்குக் கொக்கி ஆனது, தோட்டாப் பெட்டிக்குள் வெற்றிலையும் சுண்ணாம்பும் குடியேறின. உலகப் போரைப் பார்த்த இரும்பு அங்கே தலைமுறை தலைமுறையாகக் கோழிக்கூண்டைக் காவல் காத்தது.

அந்த இரும்புக்கெல்லாம் பெயர் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் தைரியநாதன். தேர்முட்டித் தெருவில் தையல் மெஷின் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். மெஷின் அவருக்குச் சோறு போட்டது, துப்பாக்கி அவருக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது. கிணறு தூர் வாரும்போதோ சுவர் இடிக்கும்போதோ துருப்பிடித்த ஏதாவது கிடைத்தால் ஊர் அதை அவரிடம்தான் கொண்டுபோகும். அவர் உடனே தொடமாட்டார். வந்தவரை உட்காரச் சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, கட்டைவிரலால் நிதானமாகத் தேய்த்து, வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடிப்பார். துருவுக்கடியிலிருந்து ஒரு குட்டிக் கிரீடமோ, அம்புக்குறியோ, பரிசோதித்தவனின் எழுத்தோ எழும்பி வரும். “இது குறிபார்க்கிற தகடு. முதல் சண்டைக்கு முந்தி செஞ்சது. இதைப் போயி கோழிக்கூண்டுக்குத் தாழ்ப்பாளா வச்சிருக்கீங்களே” என்பார். வந்தவர் ஏதோ ஜாதகம் பார்த்துக்கொண்டவர் மாதிரி திருப்தியோடு போவார். அந்த முகத்தைப் பார்ப்பதில்தான் தைரியநாதனுக்கு உயிர் இருந்தது.

அவருக்கு ஒரு ஆசையும் இருந்தது. அந்தக் காலத்து ராணுவத் துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. எல்லாப் பாகமும் வந்து மாட்டுகிற நடு உடம்பில் குத்திய அதே எண்ணைக் குழலிலும், முன்கட்டையிலும், குழல் நுனியை மூடுகிற மூக்குமூடியிலும், குறித்தகட்டிலும், போல்ட்டிலும் குத்தியிருப்பார்கள். அதிலும் போல்ட் இருக்கிறதே, தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டுகிற கைப்பிடி வைத்த உருளை, ஒரு துப்பாக்கிக்கென்று இழைத்ததை இன்னொன்றில் போடக் கூடாது. எல்லாம் ஒரே எண்ணாக ஒரு துப்பாக்கியைச் சேர்த்துவிட வேண்டும் என்று வாலிபத்திலிருந்து அலைந்தார். கடைசியில் கிடைத்தது கள்ளுக்கடைக் கதவில் தாழ்ப்பாளாக இருந்த ஒரே ஒரு போல்ட்தான். 7793. அத்தனை அழகான போல்ட்டை அவர் கண்டதில்லை. எண்ணெய்த் துணியில் சுற்றி, தகரப் பெட்டியில் வைத்து, அதன் மற்ற உறுப்புகளுக்காக இலவு காத்த கிளியாகக் காத்திருந்தார்.

எண் விஷயத்தில் அவர் மகா கண்டிப்பு. ஒரு தடவை பழைய இரும்பு வியாபாரி ஒருவன், எண்ணை அரத்தால் ராவிவிட்டு வேறு எண் குத்திய ஒரு போல்ட்டைக் கொண்டுவந்து விலை பேசினான். “பேர் தெரியாத பொணத்தை என் கடைக்குள்ள கொண்டாராத” என்று அவனைத் தெருவில் இறக்கிவிட்டார். எண்ணை ராவுகிறவனும் கல்லறையில் பெயரைச் சுரண்டுகிறவனும் ஒன்று என்று பங்குச் சாமியாரிடமே சொன்னவர்.

இப்படி இருக்கையில், கடைவீதியில் பேக்கரி வைத்திருக்கும் பொன்னுரங்கம் ஒருநாள் மாவு படிந்த துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தான். பொன்னுரங்கத்துக்குத் துப்பாக்கியும் தெரியாது, தோட்டாவும் தெரியாது. தெரிந்ததெல்லாம் பன் பிசைவதும், வந்தவரிடம் சிரிப்பதும்தான். அடுப்பைப் பெரிதாக்கத் தரையைத் தோண்டினானாம், கிடைத்ததாம். தைரியநாதன் கையைத் துடைத்து, மண்ணெண்ணெய் விட்டு, தேய்த்து, சாய்த்தார். துப்பாக்கியின் உடம்பு. கிரீடம் வந்தது. அம்பு வந்தது. அப்புறம் 7793 வந்தது.

தெருத்தெருவாக அவர் தேடியது, தேடாதவன் காலடியில் கிடந்து, மேலே பன் வெந்துகொண்டிருந்திருக்கிறது. “துப்பாக்கியோட உடம்புதான், ஒண்ணும் விசேஷமில்ல. சும்மா இங்க போட்டுட்டுப் போ” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னார். பொன்னுரங்கமோ, “இருக்கட்டும்ணே, கடையில மாட்டி வைக்கிறேன், பன்னு வாங்க வர்றவங்க பாத்துட்டுப் போகட்டும்” என்று மறுபடி துண்டில் சுற்றிக்கொண்டு போய்விட்டான். அதன் போல்ட் இங்கே பெட்டியில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தைரியநாதனுக்கு வாய் வரவில்லை. அன்று முதல் அவர் வயிற்றில் ஓர் அடுப்பு எரியத் தொடங்கியது.

பொன்னுரங்கம் அந்த உடம்பைக் கல்லாவுக்கு மேலே, காலண்டருக்குப் பக்கத்தில் மாட்டினான். மாட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, இட்லிக்கடைத் தாயம்மாளின் ஊதுகுழல் அடுப்படியிலிருந்து இறங்கி, கரியும் சாம்பலுமாகக் கடைவீதி நடுவில் உருண்டு வந்து, எதிரே வந்த மாட்டுவண்டிக்கு ஒதுங்கி நின்று, வண்டி போனதும் பேக்கரிப் படியேறி, உடம்பின் வாயில் மரையோடு மரை பொருந்திச் சுற்றிச் சுற்றி உட்கார்ந்துகொண்டது. பின்னாலேயே வந்த தாயம்மாள், “நல்லாத்தான் இருக்கு, இப்ப நான் வாயாலயா அடுப்பூதுவேன்?” என்று சண்டைக்கு நின்றாள். பொன்னுரங்கம் அவளுக்கு ஒரு தேங்காய் பன்னும், அன்று மாலையே ஒரு புது ஊதுகுழலும் கொடுத்தான். குழலைத் துடைத்துப் பார்த்தார்கள். 7793.

அதற்கப்புறம் வழி பழகிவிட்டது. கசாப்புக்கடை வாசலில் ஆட்டுக் கயிறு கட்டியிருந்த மூக்குமூடி, கயிறும் ஆடுமாக வந்து சேர்ந்தது. ஆட்டை மட்டும் அவிழ்த்துத் திருப்பி அனுப்பினார்கள். தலைமையாசிரியர் வீட்டு ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்திருந்த குறித்தகடு, பள்ளிக்கூட மணி அடிக்கும்வரை பொறுத்திருந்து கிளம்பியது. தொட்டில் கட்டையாக இருந்த முன்கட்டை, பிள்ளை தூங்கி விழித்துப் பால் குடித்து முடிக்கிற வரைக்கும் அசையவில்லை என்று அந்த வீட்டுப் பெண் பெருமையாகச் சொல்லிக்கொண்டாள். எண் இல்லாத திருகாணிகளும் ஸ்பிரிங்குகளும்கூடப் பழைய பழக்கத்தில், சாயங்கால வெயிலில் எறும்புச் சாரி போலப் போயின. ஊர் இதற்கு ஏற்றபடி தன்னை மாற்றிக்கொண்டது. இரும்பு குறுக்கே போனால் பஸ் டிரைவர் நிறுத்திவிட்டுப் பீடி பற்றவைத்துக்கொண்டார். அவசரமாக வேண்டிய சாமானுக்குப் பெண்கள் மஞ்சள் கயிறு கட்டி, “நீ போகாதடி” என்று சொல்லி வைத்தார்கள். யார் வீட்டு இரும்பு போகிறதோ அந்த வீட்டுக்குப் பொன்னுரங்கம் ஒரு பன்னும் ஒரு மாற்றுச் சாமானும் கொடுப்பது வழக்கமாகிவிட்டதால், “எங்க வீட்டுது எப்பப் போகுமோ” என்று ஏங்குகிறவர்களும் உண்டானார்கள்.

போலீஸும் வந்தது. இன்ஸ்பெக்டர் சுவரில் வளர்ந்துகொண்டிருந்த துப்பாக்கியை அண்ணாந்து பார்த்தார். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கூட வந்த கான்ஸ்டபிளின் பழைய துப்பாக்கியில் வார் மாட்டுகிற வளையம் கழன்று, தரையில் விழுந்து, சுவரேறித் தன் இடத்தில் போய் மாட்டிக்கொண்டது. கான்ஸ்டபிள் வாரைக் கையில் சுற்றிக்கொண்டார். “போல்ட் இல்லாத துப்பாக்கி ஊதுகுழலுக்குச் சமம். போல்ட் வந்தா மட்டும் சொல்லி அனுப்புங்க” என்று சொல்லிவிட்டு இன்ஸ்பெக்டர் கிரீம் பன் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

இவ்வளவும் நடக்க, தைரியநாதன் கடைக்கு ஒரு துரும்பும் வரவில்லை. இரும்பே தன் பெயரைச் சொல்லிக்கொண்டு நடக்கும்போது அதை யார் தேய்த்துப் பார்ப்பார்கள்? நடந்தால் பொன்னுரங்கத்துடையது, நடக்காவிட்டால் வெறும் இரும்பு என்று ஊர் சுலபமாக முடிவு கட்டிவிட்டது. பிழைக்க வந்த புதுக் குடும்பங்கள், பேக்கரிக்காரர்தான் துப்பாக்கி விஷயத்தில் பெரிய கை என்று பேசிக்கொண்டன. படித்தவர் அவர், அலைந்தவர் அவர், விரல் நுனி தேய்ந்தது அவருடையது. கும்பல் கூடுவது மாவு பிசைகிறவன் வாசலில். பன் வாங்கப் போகிற சாக்கில் மரியபுஷ்பம், அதாவது அவர் மனைவி, பார்த்துவிட்டு வந்து சொல்வாள்: இன்னைக்கு அடிக்கட்டை வந்துருச்சு, என்ன பளபளப்புங்கிறீங்க. அந்தப் பன் அவருக்குத் தொண்டையில் இறங்கவில்லை. ராத்திரியானால் பொன்னுரங்கத்தின் சிரிப்பு காதில் கேட்டது. அவன் அடுப்பு அணையட்டும், ரொட்டி கருகட்டும் என்று ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டே வேண்டினார். அப்புறம் அதற்காக மன்னிப்பும் கேட்டார். மறுநாளும் வேண்டினார்.

தகரப் பெட்டிக்குள் போல்ட் தட்ட ஆரம்பித்திருந்தது. முதலில் விருந்தாளி தட்டுகிற மாதிரி மெதுவாக. பிறகு கடன்காரன் மாதிரி. அவர் பெட்டிமேல் அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தார். பெட்டி அம்மியோடு வாசற்படி வரைக்கும் நகர்ந்து போயிருந்தது.

“அது போகணும்ங்குது. விட்டுருங்களேன்” என்றாள் மரியபுஷ்பம்.

“நான் தேடிப் புடிச்சது. என்னுது.”

“உங்களுதுன்னா உங்ககிட்ட இருக்க வேண்டியதுதானே. ஏன் கதவ இடிக்குது? வைக்கப்போர்ல படுத்த நாய் மாதிரி, தானும் திங்காம மாட்டையும் திங்க விடாம.”

மறுநாள் பட்டப்பகலில், கடையில் ஒரு தையல் மெஷினைச் சத்தமாக ஓட விட்டுவிட்டு, போல்ட்டைக் கவ்வியில் இறுக்கினார். அது துடித்தது. அரத்தை எடுத்தபோது கை ஒரு நிமிஷம் நின்றது, தெருவில் யாரோ, “பொன்னுரங்கம் கடையில கூட்டத்தப் பாத்தியா” என்று சொல்லிக்கொண்டு போனார்கள், அப்புறம் கை நிற்கவில்லை. கைப்பிடியின் பின்புறம் குத்தியிருந்த எண்ணை ராவினார். ஏழு போயிற்று, இன்னொரு ஏழு போயிற்று, ஒன்பது போயிற்று, மூன்று போயிற்று. கடைசி இழுப்பில் போல்ட் அடங்கி, சாதாரண இரும்பாகக் கனத்தது. உள்ளங்கையில் ஒட்டியிருந்த இரும்புத் தூளை வேட்டியில் துடைத்துக்கொண்டார். தான் யாரைத் தெருவில் இறக்கிவிட்டோமோ அவனாகத் தானே ஆகிவிட்டது அவருக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும், அன்று மதியம் நிம்மதியாகச் சாப்பிட்டார்.

பேக்கரிச் சுவரில் துப்பாக்கி அந்த ஓர் இடம் மட்டும் காலியாக, பல் விழுந்த வாய் மாதிரி நின்றது. ஊர் காத்திருந்தது. வருகிற போல்ட்டுக்கு ஆரத்தி எடுப்பதற்குக்கூட இரண்டு பெண்கள் பேசி வைத்திருந்தார்கள். ஒன்றும் வரவில்லை. பொறுமை இழந்தவர்கள் தங்கள் வீட்டுத் தாழ்ப்பாள்களைக் கழற்றிக்கொண்டு போய்ப் படியில் வைத்துப் பார்த்தார்கள். அவை வைத்த இடத்தில் கிடந்தன. ஊரில் ஒரு சோர்வு இறங்கியது. பொன்னுரங்கம்கூடச் சிரிப்பைக் குறைத்துக்கொண்டு, ரொட்டியில் இரண்டு தரம் உப்புப் போட மறந்தான்.

கடைசியில் அவன் துப்பாக்கியைச் சுவரிலிருந்து இறக்கி, மாவுத் துண்டில் சுற்றி, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு தேர்முட்டித் தெருவுக்கு வந்தான். பின்னாலேயே பாதி ஊர். தைரியநாதன் முன்னால் மேசையில் வைத்தான்.

“அண்ணே, எனக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாம் தானா வந்துச்சு, நான் பன்னு குடுத்தேன், அவ்வளவுதான். இது ஒண்ணு மட்டும் வரமாட்டேங்குது. நீங்க பாத்துச் சொன்னா உண்டு.”

தைரியநாதன் துப்பாக்கியைப் பார்த்தார். குழலும் கட்டையும் மூக்குமூடியும் தகடும் ஒரே எண்ணாக, தான் கனவில் கண்ட அதே வரிசையில் கிடந்தன. அவர் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மரியபுஷ்பம் காபித் தட்டோடு வந்தாள். தட்டில் இரண்டு தம்ளர் காபி இருந்தது. நடுவில் அந்தப் போல்ட் இருந்தது. மேசையில் வைத்துவிட்டு, கணவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள்.

“இது எந்தத் துப்பாக்கியோடதுண்ணே?” என்று பொன்னுரங்கம் கள்ளமில்லாமல் கேட்டான்.

ஊர் கழுத்தை நீட்டியது. தைரியநாதன் வழக்கம்போலக் கையைத் துடைத்தார், ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டார், கட்டைவிரலால் தேய்த்தார், வெளிச்சத்துக்குச் சாய்த்தார். ராவின இடம் கண் கூசும்படி பளபளத்தது.

“தெரியல” என்றார்.

அந்தக் கடையில் அந்த வார்த்தை அதுவரை கேட்டதில்லை. யாராவது கிண்டல் செய்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். யாரும் செய்யவில்லை. “பாவம், கண்ணு மங்கிப் போச்சு” என்று தாயம்மாள் மெல்லச் சொன்னாள். தலைமையாசிரியர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். பொன்னுரங்கம் துப்பாக்கியைச் சுற்றிக்கொண்டு, காபி நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். தைரியநாதன் போல்ட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடையைப் பாதியில் சாத்தினார்.

விடியும்போது வலது உள்ளங்கை அரித்தது. வெளிச்சத்தில் பார்த்தார். தூள் ஒட்டியிருந்த இடத்தில், அம்மைத் தழும்பு போல மேடாக, எண் எழும்பியிருந்தது. சோப்புப் போட்டார், எலுமிச்சை தேய்த்தார், மண்ணெண்ணெய் தேய்த்தார். மண்ணெண்ணெய் பட்டதும் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு மதியம் வரை ஓட்டினார். மதியம் கால் கிளம்பிவிட்டது.

அவர் கடையில் உட்கார்ந்துதான் இருந்தார், கால் எழுந்தது. மேசையைப் பிடித்தார், மேசை கூடவே வந்தது. விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றார். உச்சி வெயிலில் ஒரு பெரிய மனிதர் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பது ஊருக்கு அதிசயமாகப் படவில்லை, அதற்குத்தான் பழக்கம் இருந்ததே. பஸ் நின்றது. டிரைவர் பீடி பற்றவைத்தார். யாரோ வழியில் கிடந்த சைக்கிளை எடுத்து ஓரமாக வைத்தார்கள். தாயம்மாள் அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, “கையக் காட்டுங்க சார்” என்றாள். அவர் காட்ட மாட்டேன் என்றார். கை தானாக விரிந்தது. அவள் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரி ஒவ்வொன்றாகப் படித்தாள். ஏழு, ஏழு, ஒன்பது, மூணு.

“அட, சாருதான் பாக்கியா இருந்தது” என்றாள். தெரு முழுக்க ஒரு நிம்மதிப் பெருமூச்சு போயிற்று.

பேக்கரிப் படியேறியபோது தைரியநாதன் வியர்வையில் நனைந்திருந்தார். எந்தப் படியை மிதிப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தாரோ அந்தப் படி. கால் அவரைக் கல்லாவுக்கு நேரே, துப்பாக்கியின் காலி இடத்துக்கு நேர் கீழே கொண்டுபோய் நிறுத்திவிட்டு ஓய்ந்தது. பொன்னுரங்கம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்து எண்ணைப் பார்த்தான். பிறகு அவர் பையிலிருந்து எட்டிப் பார்த்த போல்ட்டையும், ராவின இடத்தையும் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும் அவன் கேட்டது ஒன்றுதான்.

“இது என்ன பாகம்ணே?”

தைரியநாதன் தன் உள்ளங்கையை வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்தார். கட்டைவிரலால் ஒருமுறை தேய்த்தார்.

“போல்ட்” என்றார். “இந்தத் துப்பாக்கியோடதுதான். ஆரம்பத்துலருந்தே எங்கிட்டதான் இருந்துச்சு. நீ உடம்பக் கொண்டாந்த அன்னிக்கே தெரியும். உன்னப் பாத்து வயிறு எரிஞ்சு போயி நான்தான் நம்பர ராவிட்டேன்.”

அடுப்பில் ரொட்டி வெந்துகொண்டிருந்தது. பொன்னுரங்கம் ஒரு நாற்காலியை இழுத்து, துப்பாக்கியின் காலி இடத்துக்கு நேர் கீழே போட்டு, மாவைத் துண்டால் தட்டிவிட்டான்.

“அப்ப இதுதான் உங்க இடம். உக்காருங்க.”

அவர் உட்கார்ந்தார். போல்ட் வந்தால் சொல்லி அனுப்பச் சொன்னாரே இன்ஸ்பெக்டர் என்று யாரோ ஸ்டேஷனுக்கு ஓட, கான்ஸ்டபிள் வந்து பார்த்துவிட்டு, ஆள் உட்காருவதற்கு லைசென்ஸ் வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டார். பொன்னுரங்கம் கல்லாவிலிருந்து எல்லோரையும் பார்த்து மறுபடி சிரிக்க ஆரம்பித்திருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்துத் தைரியநாதனுக்கு இன்னமும் வயிறு எரிந்தது. அதை அவர் தனக்கே ஒளிக்கவில்லை. அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். கிணற்றுமேட்டில் கிடைத்தது, நடக்கவும் மாட்டேன் என்கிறது, என்ன என்றும் தெரியவில்லை என்று சொல்லி, பொன்னுரங்கத்தைத் தாண்டி, துருப்பிடித்த ஒரு இரும்பை அவரிடம் நீட்டினாள். தைரியநாதன் அவளை உட்காரச் சொல்லிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் மண்ணெண்ணெய் இருக்குமா என்று பொன்னுரங்கத்திடம் கேட்டார்.